சிசிங்ஹர்ஸ்ட்: ரோஜாவுக்கு முந்தைய மாதம்

இங்கிலாந்தில் தோட்டம் பார்க்க எங்கே போகலாம் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், அவர்கள் சொல்லும் முதல் நாலைந்து பெயர்களுக்குள் சிசிங்ஹர்ஸ்ட் வந்துவிடும். லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில், கிரான்புரூக் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கிறது. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே போக நினைப்பவர்கள் வழக்கமாக ஜூன் மாதத்தைத்தான் குறிவைப்பார்கள். பழைய ரக ரோஜாக்கள் சுவர்களிலும் வளைவுகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மாதம் அது. படங்களில் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த ஜூன் மாதத் தோட்டம்தான். ஆனாலும் முதல்முறை போகிறவர்களுக்கு இந்த நூல் சொல்லும் மாதம் ஏப்ரல். இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை.

காரணம், தோட்டம் உருவான விதத்திலேயே இருக்கிறது. இதை உருவாக்கியவர்கள் ஒரு தம்பதி. கணவர் ஹெரால்ட் நிக்கல்சன் கோடு போட்டார்: எந்தப் பாதை எங்கே போக வேண்டும், எந்த வேலி எங்கே நிற்க வேண்டும், எந்த முனையில் நின்றால் எது கண்ணில் பட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து, நூல் கட்டி அளந்தவர் அவர். மனைவி விட்டா சாக்வில்-வெஸ்ட் அந்தக் கட்டங்களுக்குள் செடிகளை வாரி நிரப்பினார். ஜூன் மாதத்தில் விட்டாவின் கைதான் ஓங்கியிருக்கும். செடிகள் பாதையின் மேலேயே சாய்ந்து, கோடுகளை மூடிவிடும். ஏப்ரலில் ரோஜாக்கள் அப்போதுதான் துளிர்விட்டிருக்கும். யூ மர வேலிகள் விளிம்பு மாறாமல் நிற்கும். மரங்களில் இலை அடர்ந்திருக்காது. கோடும் தெரியும், பூவும் இருக்கும். ஹெரால்ட் தன் பொறுப்பில் வைத்திருந்து தானே நடவு செய்த ஒரே பகுதி வசந்த காலத்துக்காகவே அமைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் போனால் அதன் பூக்கள் முடிந்திருக்கும்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

சிசிங்ஹர்ஸ்ட் கேஸில் என்று பெயர் இருந்தாலும் அங்கே கோட்டை எதுவும் இல்லை. கொத்தளத்தையும் பீரங்கியையும் எதிர்பார்த்துக் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். இடைக்காலத்தில் அகழி சூழ்ந்த ஒரு பண்ணை மாளிகை இங்கே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் பேக்கர் என்ற செல்வக் குடும்பம் அதைப் பெரிய செங்கல் அரண்மனையாக விரித்துக் கட்டியது. 1573இல் முதலாம் எலிசபெத் அரசி வந்து தங்கும் அளவுக்கு அதற்குச் செல்வாக்கு இருந்தது. பிறகு குடும்பம் நொடித்தது, வீடும் நொடித்தது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில், பிடிபட்ட பிரெஞ்சுக் கடற்படையினரை அடைத்துவைக்கும் சிறையாக இதைப் பயன்படுத்தினார்கள். மாளிகையைக் கைதிகள் தங்கள் மொழியில் குறிப்பிட்ட வழக்கத்திலிருந்துதான் கோட்டை என்ற பெயர் நிலைத்தது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிப் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் இளம் படையதிகாரியாக இங்கே காவல் பணியில் இருந்திருக்கிறார். சிறைக்குப் பின் கட்டடத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மிஞ்சியது ஊர் ஏழைகளின் விடுதியானது. அதற்கும் பிறகு பண்ணைக் கூலிகள் குடியிருந்தார்கள்.

1930 ஏப்ரலில் விட்டா இதைப் பார்க்க வந்தபோது தனித்தனியாக நான்கு துண்டுகள்தான் மிச்சம்: வாசல் பக்கத்து நீண்ட கட்டடம், நடுவில் கோபுரம், தெற்கே ஒரு குடில், வடக்கே ஒரு குடில். நடுவே குப்பை, முட்புதர், சேறு. விட்டா ஒரே பார்வையில் மயங்கிவிட்டார். ஹெரால்ட் கணக்குப் பார்த்துத் தயங்கினார். மறுநாள் சுற்றி வரும்போது வரிசையாக நின்ற பழைய ஹேசல் கொட்டை மரத்தோப்பு ஒன்று எதிர்பாராமல் கண்ணில் பட, அவரும் முடிவெடுத்துவிட்டார். விலை 12,375 பவுண்டு. பத்திரம் முடிவதற்கு முன்பே தெற்குக் குடிலின் சுவரோரம் விட்டா ஒரு வெள்ளை ரோஜாக் கொடியை நட்டுவிட்டார். 'மடாம் ஆல்ஃப்ரெட் காரியேர்' என்ற அந்த ரகம் இன்றும் அந்தச் சுவரில் படர்ந்திருக்கிறது.

விட்டாவின் அவசரத்துக்குப் பின்னால் ஓர் இழப்பு இருந்தது. அவர் 1892இல் பிறந்தது இதே கென்ட் மாவட்டத்தில் உள்ள நோல் என்ற மாபெரும் மாளிகையில். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. ஆனால் பெண் என்பதால் வாரிசுரிமை கிடையாது. 1928இல் தந்தை இறந்ததும் மாளிகை சித்தப்பாவுக்குப் போனது. அதே ஆண்டு வர்ஜீனியா வுல்ஃப் எழுதி விட்டாவுக்குச் சமர்ப்பித்த 'ஒர்லாண்டோ' நாவலில் அந்த வீடும் அந்த ஏக்கமும் இருக்கின்றன. சிசிங்ஹர்ஸ்டை முன்பு ஆண்ட பேக்கர் குடும்பத்துப் பெண் ஒருவர் சாக்வில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஆகவே விட்டாவைப் பொறுத்தவரை இது முன்னோர் மண்தான். நோல் போன பிறகு, யாரும் பறிக்க முடியாத ஒரு வீட்டை அவர் இங்கே தேடிக்கொண்டார்.

அந்த வீட்டை அவர்கள் இணைத்துக் கட்டவில்லை என்பதுதான் முக்கியம். துண்டு துண்டாகவே குடியிருந்தார்கள். படுக்கையறைகளும் ஹெரால்டின் படிப்பறையும் தெற்குக் குடிலில். சமையலும் சாப்பாடும் மகன்களின் அறைகளும் வடக்கே பாதிரியார் வீடு எனப்படும் குடிலில். விட்டா எழுதுவது கோபுரத்தில். காலை உணவுக்குப் போவதென்றால் மழையானாலும் பனியானாலும் தோட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே தோட்டமே அவர்கள் வீட்டின் கூடமும் நடையுமாக இருந்தது. உயரமான வேலிகளுக்கும் பழைய சுவர்களுக்கும் நடுவே கூரையில்லாத அறைகளாக அது பிரிந்திருப்பதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு திருப்பமும் விளங்கும்.

இருவருக்கும் தத்தம் பாலினத்தவரோடு காதல் உறவுகள் இருந்தன. அதை இருவரும் அறிந்தே வாழ்ந்தார்கள். அவர்கள் மகன் நைஜல் நிக்கல்சன் 1973இல் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ மேரேஜ்' என்ற நூலில் அதை ஒளிவுமறைவின்றி எழுதினார். இப்படிப்பட்ட இருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து செய்த ஒரே பெரிய வேலை இந்தத் தோட்டம். 1938இல் ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். விட்டா 1962இல் காலமானார். 1967இல் தோட்டம் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஹெரால்டும் மறைந்தார்.

எந்த வாரம்?

மார்ச் கடைசியில் போனால் பழத்தோட்டத்துப் புல்லில் டாஃபோடில் பூக்கள் இருக்கும். மற்ற இடங்கள் இன்னும் உறக்கம் கலைந்திருக்காது. ஏப்ரல் இரண்டாம், மூன்றாம் வாரங்கள் லைம் வாக் என்ற வசந்தப் பாதையின் உச்சம். ஏப்ரல் கடைசியில் துலிப் பூக்களும், சுற்றியுள்ள காடுகளில் புளூபெல் பூக்களும் சேர்ந்துகொள்ளும். மே தொடக்கத்திலிருந்து அசேலியாவும் விஸ்டீரியாவும். குளிர் நீண்ட ஆண்டில் எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். ஒரே ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் ஏப்ரல் இருபது தேதிவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் விடுமுறையும் மே முதல் திங்கள்கிழமை விடுமுறையும் வேண்டாம். பாதைகள் இருவர் மட்டும் ஒதுங்கிப் போகும் அளவுக்கே உள்ளவை. கூட்டம் சேர்ந்துவிட்டால் நின்று பார்க்கவே முடியாது. செவ்வாய், புதன், வியாழன் நல்லது. தோட்டம் வழக்கமாக முற்பகல் 11 மணியளவில் திறக்கும், சுற்றியுள்ள பண்ணை நிலமும் காடும் அதற்கு முன்பே நடக்கத் திறந்திருக்கும். நேரமும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், கிளம்பும் முன் நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் அட்டை இருந்தால் நுழைவு இலவசம். ஆண்டில் இதுபோல நாலைந்து இடங்கள் குடும்பத்தோடு போவதாக இருந்தால் உறுப்பினராகிவிடுவதே கட்டுப்படியாகும்.

போகும் வழி

ரயிலில் போவதானால் லண்டன் சேரிங் கிராஸ் அல்லது லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ஏறி ஸ்டேபிள்ஹர்ஸ்டில் இறங்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். நெரிசல் நேரம் கழித்துக் கிளம்பினால் கட்டணம் குறையும். மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போகிறவர்கள் குரூப்சேவ் என்று கேட்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. இடது பக்கம் வலது பக்கம் என்று பார்க்காமல் ஜன்னல் இருக்கையைப் பிடியுங்கள். டன்பிரிட்ஜ் தாண்டியதும் பேரி, ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருக்கும். கூம்புக் கூரை போட்ட வட்டக் கட்டடங்கள் இடையிடையே தெரியும். பீருக்கான ஹாப் பூக்களை உலர்த்த கென்ட் விவசாயிகள் கட்டிய ஓஸ்ட் சூளைகள் அவை. சிசிங்ஹர்ஸ்ட் பண்ணையிலும் அப்படிப்பட்ட ஓஸ்ட் கட்டடம் உண்டு.

ஸ்டேபிள்ஹர்ஸ்டிலிருந்து தோட்டம் சுமார் ஐந்து மைல். நிலைய வாசலில் டாக்சி நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் நாளே போன் செய்து, போகவும் வரவும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். ஹாக்ஹர்ஸ்ட் போகும் பேருந்தில் ஏறினால் சிசிங்ஹர்ஸ்ட் கிராமத்தில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். வயல்வழி நடை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மழை பெய்த மறுநாள் சேறு. பேருந்துகளும் அடிக்கடி இல்லை. வயதானவர்கள் கூட வந்தால் காரே வசதி. லண்டனிலிருந்து ஏ21 சாலையில் வந்து, கவுட்ஹர்ஸ்ட் வழியாக ஏ262 பிடித்தால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். வண்டி நிறுத்த இடம் தாராளமாக உண்டு. உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் உண்டு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் உடையில் கவனம் வையுங்கள். ஏப்ரல் வெயில் ஜன்னல் வழியே பார்க்கும்போது சூடாகத் தெரியும். வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும், காற்று வேறு. புடவை உடுத்துகிறவர்கள் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு, சாக்ஸ், ஷூ போட்டுக்கொள்வது நல்லது. பழத்தோட்டத்துப் புல் மதியம் வரை ஈரமாகவே இருக்கும், செங்கல் பாதைகளில் செருப்பு வழுக்கும். மழைக்கோட்டு கட்டாயம். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். ஏப்ரலில் பிர்ச் மர மகரந்தம் தொல்லை கொடுக்கும்.

முதலில் கோபுரம்

வளைவு வாசல் தாண்டி முற்றத்துக்குள் நுழைந்ததும், பூக்களை நோக்கிப் போகத் துடிக்கும் கால்களைக் கொஞ்சம் அடக்கி, நேரே கோபுரத்துக்குப் போங்கள். 78 படிகள், சுழல் படிக்கட்டு. மூட்டு வலி உள்ளவர்கள் முதல் மாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கேதான் விட்டாவின் எழுத்தறை இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நின்று பார்க்கலாம். சுவர் நிறையப் புத்தகம், மங்கிய திரைச்சீலை, மேசை மேல் ஹெரால்ட், வர்ஜீனியா வுல்ஃப் இருவரின் படங்கள். அவர் இருந்த காலத்தில் பெற்ற பிள்ளைகளே இந்த அறைக்குள் அரிதாகத்தான் காலடி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் 'அப்சர்வர்' பத்திரிகைக்கு அவர் எழுதிய தோட்டப் பத்தி 1946 முதல் 1961 வரை வந்தது. நாடு முழுக்க அவரைத் தெரியவைத்தது கவிதையைவிட அந்தப் பத்திதான். கோபுரத்தில் ஒரு பழைய அச்சு இயந்திரத்தையும் பார்ப்பீர்கள். வர்ஜீனியாவும் கணவர் லெனார்டும் ஹோகார்த் பிரஸ் பதிப்பகத்துக்காகக் கையால் ஓட்டிய இயந்திரம் அது. பிரெஞ்சுக் கைதிகள் சுவரில் கீறிவைத்த கிறுக்கல்களும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

உச்சிக்கு ஏறியவர்கள் அவசரப்படாமல் கீழே பாருங்கள். ஹெரால்டுக்கு இருந்த சிக்கல் இங்கிருந்துதான் புரியும். நீங்கள் நுழைந்த முற்றம் செவ்வகம் போலத் தோன்றியிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். கோபுரம் வாசல் வளைவுக்கு நேர் எதிரே இல்லை. சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. பல நூற்றாண்டுகள் பலர் கட்டி, பலர் இடித்த இடம் அல்லவா? இந்தக் கோணலை மறைக்க ஹெரால்ட் கண்ட வழிகளில் ஒன்று தெற்கே தெரியும் ரோண்டெல். ரோஜாத் தோட்டத்தின் நடுவே யூ வேலியால் ஒரு முழு வட்டம், நடுவில் புல். வட்டத்துக்குள் நுழைகிறவனுக்கு எந்தப் பாதை நேர், எந்தப் பாதை சாய்வு என்று கண்டுபிடிக்க முடியாது. சாய்வான பாதைகளை இப்படி வட்டத்திலும் வேலியிலும் கொண்டுவந்து முட்டவிட்டு, நடப்பவர் கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும்படி செய்துவிட்டார். கட்டடக் கலை படிக்காத ஒரு ராஜதந்திரி செய்த வேலை இது.

கிழக்கே பழத்தோட்டமும், அதன் இரு பக்கத்தில் அகழி நீரும். வடக்கே வெள்ளைத் தோட்டம். அதற்கும் அப்பால் வீல்ட் எனப்படும் காடும் வயலுமான தாழ்நிலம் வெகுதூரம் வரை. அந்தப் படத்தை மனதில் வாங்கிக்கொண்டு இறங்கினால் பிறகு வரைபடம் தேவைப்படாது.

ஹெரால்டின் பாதை

இறங்கியதும் தெற்கே திரும்பி, ரோஜாத் தோட்டத்தின் வழியாக நடங்கள். செடிகளில் இளஞ்சிவப்புத் துளிர்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயரமான ரோஜாச் செடிகளின் கிளைகளை வில்லாக வளைத்து, தரையில் அடித்த ஹேசல் வளையங்களில் கட்டியிருப்பார்கள். கிளை நிமிர்ந்து நின்றால் நுனியில் மட்டும் பூக்கும். வளைத்துப் படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு மொட்டு விடும். ஜூன் மாதத்தின் அத்தனை பூவுக்கும் அடிப்படை இந்தக் கட்டு. ஜூனில் இலை மறைத்துவிடும். வீட்டில் ரோஜா வைத்திருப்பவர்கள் இங்கே ஐந்து நிமிடம் நின்று முடிச்சுகளைப் பாருங்கள். அடுத்த குளிர்காலத்தில் உங்களுக்கே பயன்படும்.

பிறகு லைம் வாக். கல் பாவிய நீண்ட பாதை, இருமருங்கும் லிண்டன் மரங்கள். கிளைகளைப் பக்கவாட்டில் மட்டும் வளரவிட்டு, ஒன்றோடொன்று பின்னி, அந்தரத்தில் நிற்கும் வேலியாக வெட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் இலை அரும்பும் பருவம் என்பதால் வெயில் தடையில்லாமல் கீழே இறங்கும். மரத்தடிப் பாத்தி இரண்டிலும் வசந்தப் பூக்கள் அத்தனையும்: டாஃபோடில், நீல மஸ்காரி, அனிமோன், பிரிமுலா, சிறு துலிப், பெரிய துலிப். இது முழுக்க ஹெரால்டின் சொந்தத் தோட்டம். தன் வாழ்நாள் வேலை என்றே அவர் இதைக் குறிப்பிடுவார். எந்த இடத்தில் எது பூத்தது, எது சோடை போனது, எதை மாற்ற வேண்டும் என்று குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொண்டே வந்தார். பாராளுமன்ற உறுப்பினராகவும் நூலாசிரியராகவும் வாரமெல்லாம் லண்டனில் இருந்துவிட்டு, வாரக் கடைசியில் வந்து பாத்தி பார்த்த மனிதர்.

இங்கே மெதுவாக நடங்கள். முடிந்தால் பாத்தி ஓரத்தில் குந்தி உட்காருங்கள். ஃப்ரிட்டில்லாரி என்று ஒரு பூ. ஒரு சாண் தண்டு, நுனியில் தலை கவிழ்ந்து ஒற்றைப் பூ. நின்றபடி பார்த்தால் மங்கிய ஊதாவாக மட்டும் தெரியும். கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோனால் இதழ் முழுக்கக் கட்டம் கட்டமாக, ஆழ்ந்த ஊதாவும் வெளிறிய ஊதாவும் மாறி மாறி, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருக்கும். கோடு போடுவதில் உயிரை வைத்திருந்த ஒருவர் இந்தப் பூவைத் தன் பாதையில் நட்டதில் எனக்கு வியப்பில்லை. தொடாமல் பாருங்கள், தண்டு எளிதில் ஒடிந்துவிடும்.

லைம் வாக்கின் தொடர்ச்சியாகவே அந்தக் கொட்டை மரத்தோப்பு வருகிறது. 1930 ஏப்ரலில் ஹெரால்டின் மனதை மாற்றியது இதுதான். நீங்களும் அதே மாதத்தில் அதைப் பார்க்கிறீர்கள். தோப்பின் தரையில் முன்பு பல நிறப் பாலியாந்தஸ் பூக்களை விரிப்பாகப் பரப்பியிருந்தார்கள். அதைப் பார்க்கவே ஊரெல்லாம் வந்த காலம் உண்டு. ஒரே செடியை ஒரே மண்ணில் பல ஆண்டுகள் தொடர்ந்து நட்டதில் மண் களைத்துப்போய், 1970களில் அந்த விரிப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்போது தலைமைத் தோட்டக்காரர்களாக இருந்தவர்கள் பமீலா ஷ்வெர்ட், சிபில் க்ரோய்ட்ஸ்பெர்கர் என்ற இரு பெண்கள். 1959இல் விட்டாவே வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள். 1990 வரை இருந்தார்கள். இன்று உலகம் அறிந்த சிசிங்ஹர்ஸ்டின் தரம் அவர்கள் கையால் வந்தது. பாலியாந்தஸுக்குப் பதிலாக இப்போது தோப்பின் அடியில் பெரணிகள், வெள்ளை அனிமோன், டிரில்லியம், மஞ்சள் கலந்த பச்சையில் யூஃபோர்பியா. பெரணியின் சுருள் அவிழும் வாரமும் ஏப்ரல் கடைசிதான். எனக்குப் பழைய விரிப்பைவிட இதுதான் பிடித்திருக்கிறது. விரிப்பு ஒரு மாதத்துக் காட்சி, இதில் வாரத்துக்கு ஒன்று புதிதாக எழும்.

தோப்பின் முடிவில் மூலிகைத் தோட்டம். ஏப்ரலில் பெரிதாக எதுவும் இருக்காது. நடுவிலுள்ள பளிங்குத் தொட்டியை மட்டும் பாருங்கள். ஹெரால்ட் தூதரகப் பணியில் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தபோது வாங்கி, 1914இல் தம்பதி ஊர் திரும்பியபோது உடன் வந்தது.

திரும்பும்போது அகழி நடைபாதையில் வாருங்கள். ஒரு பக்கம் எலிசபெத் காலத்துச் சுவர், மறுபக்கச் சரிவில் அசேலியாப் புதர்கள். 'த கார்டன்' என்ற நெடுங்கவிதைக்குக் கிடைத்த 100 பவுண்டு பரிசுப் பணத்தை விட்டா அப்படியே இந்த அசேலியாக்களுக்குச் செலவழித்தார். மே முதல் வாரத்தில் வந்தவர்களுக்கு அந்தப் பரிசின் மணமும் கிடைக்கும். பாதை ஏறி முடியும் இடத்தில் தெற்குக் குடிலும் அதன் முன்தோட்டமும். அங்கே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு தவிர வேறு நிறத்துக்கு இடமில்லை. நான்கு யூ மரங்கள் தூணாக நிற்க, நடுவில் ஒரு பழைய செப்புக் கொப்பரை, அது நிறையத் துலிப். சுற்றிலும் வால்ஃபிளவர் செடிகள். அதன் வாசனையை முகராமல் போகாதீர்கள். சுவரில் அந்த முதல் ரோஜாக் கொடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூவுக்கு மே கடைசி ஆகும், ஆனால் அடித்தண்டின் பருமனே போதும்.

மீதியுள்ளவை

வெள்ளைத் தோட்டத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். சிசிங்ஹர்ஸ்ட் என்றாலே பலர் நினைப்பது இதைத்தான். வெள்ளைப் பூவும் சாம்பல் இலையும் மட்டும் வைத்து 1950 வாக்கில் நட்டது. இதைப் பார்த்து உலகெங்கும் வெள்ளைத் தோட்டங்கள் முளைத்தன. நடுப்பந்தலில் படரும் ரோஜா பூப்பது ஜூலை வாக்கில். ஏப்ரலில் வெள்ளைத் துலிப் சிலவும் இலைகளும்தான் இருக்கும். பத்து நிமிடம் போதும். முழு வெள்ளையையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஜூலையில் இன்னொரு முறை வாருங்கள்.

பக்கத்திலுள்ள டெலோஸ் அப்படியல்ல, வசந்தத்தில்தான் பார்க்க வேண்டும். 1935இல் கிரேக்கத்தின் டெலோஸ் தீவுக்குப் போய்வந்த தம்பதி, அதன் இடிபாடுகளுக்கிடையே பூத்திருந்த காட்டுப் பூக்களை இங்கே கொண்டுவர முயன்றார்கள். கென்ட்டின் களிமண்ணும் நிழலும் ஒத்துழைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, வடிவமைப்பாளர் டான் பியர்சன் தோட்டக்காரர்களோடு சேர்ந்து அதை மறுபடி கட்டினார். தரையின் சரிவையே தெற்கு வெயிலை நோக்கித் திருப்பி, தண்ணீர் தேங்காத மண் போட்டு, கற்பாறைகளைப் படிப்படியாக அடுக்கினார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளின் செடிகள் கோடை வெயிலுக்கு முன்பே பூத்து முடிப்பவை. அதனால் காட்டு அனிமோனும் சிறு துலிப்பும் அஸ்ஃபோடிலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இருக்கும். விட்டாவும் ஹெரால்டும் கண்ட கனவு அவர்கள் போன பிறகு நிறைவேறிய இடம் இது. ஆறப்போட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு கிரானரி உணவகம் இருக்கிறது. சூப், ரொட்டி, கேக் என்று சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒரு மணிக்கு வரிசை நீளும். பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது இரண்டுக்கு மேல். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் தோட்டத்துக்குள் பிரிக்கக் கூடாது, வெளியே வண்டி நிறுத்தத்தை ஒட்டிய புல்வெளியில் உட்காரலாம். கை கழுவத் தண்ணீரும் கழிப்பறையும் அருகிலேயே உண்டு. பாதைகள் குறுகலாகவும் மேடு பள்ளமாகவும் இருப்பதால் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைப்பதைவிட மார்போடு கட்டிக்கொள்வது எளிது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்கூட்டியே பேசி, எந்தப் பகுதிகளுக்குப் போகலாம் என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் ஏரிப் பக்கம் காட்டு நடை. சிசிங்ஹர்ஸ்டுக்குச் சுமார் 450 ஏக்கர் நிலம் உண்டு. வேலி அடைத்த தோட்டம் அதில் ஒரு சிறு துண்டுதான். ஏப்ரல் கடைசி வாரம் என்றால் ஓக், ஹேசல் மரங்களுக்கடியில் தரையே தெரியாதபடி புளூபெல். பாதையை விட்டு இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள். மிதிபட்ட புளூபெல் தேற சில ஆண்டுகள் ஆகும். நடக்க முடியாதவர்கள் பழத்தோட்டத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒரே நாளில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தையும் நோல் மாளிகையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். வேண்டாம். நோல் இருக்கும் செவன்ஓக்ஸ் இதே ரயில் தடத்தில்தான் வருகிறது. அதை வேறொரு நாளைக்கு வையுங்கள். சிசிங்ஹர்ஸ்டைப் பார்த்த பிறகு நோலுக்குப் போனால், விட்டா எதை இழந்தார் என்பது அந்த மாளிகையின் அளவைப் பார்த்ததுமே தெரியும்.

கிளம்பும் முன் செடி விற்கும் இடத்தில் எட்டிப் பாருங்கள். 'சிசிங்ஹர்ஸ்ட் புளூ' என்ற ரோஸ்மேரி இங்கே தானாக முளைத்த நாற்றிலிருந்து வந்த ரகம். வசந்தத்தில் ஆழ்நீலமாகப் பூக்கும். லண்டன் பால்கனியில் நாலைந்து மணி நேர வெயிலும், மணல் கலந்து நீர் வடியும் மண்ணும் கொடுத்தால் பல ஆண்டு இருக்கும். தண்ணீர் அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஊருக்குத் திரும்பும் பெற்றோர் கையில் செடியோ விதையோ கொடுத்தனுப்ப நினைத்தால், இந்தியாவுக்குத் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.